காலி சீட் எல்லாம் மைல்ஸ் சீட் ஆகாது

இந்த மாதத்தில் இது நான்காவது அழைப்பு. கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயின்ட் மொத்தத்தையும் ஒரு விமான நிறுவனத்தின் மைல்களாக (காசுக்குப் பதில் கொடுத்து டிக்கெட் எடுக்கும் புள்ளிகள்) மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு ஒருவர் கேட்கிறார்: "பிசினஸ் கிளாஸ்ல நாலு சீட் பிடிச்சுக் குடுங்க." அவர் சொன்ன தேதியில் ஒன்றுகூட இல்லை. முந்தைய வாரமும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. மாற்றிய பாயின்ட் திரும்பி வராது.

மைல்ஸ் டிக்கெட் எடுத்துத் தருவதுதான் என் தொழில். அடுத்து என்ன கேட்பார் என்பதும் எனக்கு மனப்பாடம்: "சீட் மேப்ல பாதி காலியாத்தானே இருக்கு?"

சீட் மேப் காட்டுவது யார் எந்த இருக்கையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மட்டும்தான். டிக்கெட் வாங்கிவிட்டு இருக்கை தேர்ந்தெடுக்காதவர்கள் அதில் தெரியவே மாட்டார்கள். சரி, உண்மையிலேயே காலி என்றே வைத்துக்கொள்வோம். ஒரே கேபினை விமான நிறுவனம் பல விலை வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து கொடுத்து விற்கிறது. மைல்ஸுக்குத் தனி எழுத்து. ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில், ஒரு நிறுவனத்தின் விமானத்துக்கு இன்னொரு கூட்டாளி நிறுவனத்தின் மைல்ஸில் டிக்கெட் எடுத்தால், பிசினஸில் அது 'ஐ', எகானமியில் 'எக்ஸ்'. காசு கொடுத்து வாங்கும் பிசினஸ் சீட்டுக்கு 'ஜே'. எங்கள் திரையில் 'ஜே 9, ஐ 0' என்று வந்தால், காசுக்குத் தாராளமாக இருக்கிறது, கூட்டாளியின் மைல்ஸுக்கு ஒன்றுமில்லை என்று பொருள். (9 என்பது திரை காட்டும் உச்ச எண். உள்ளே இருபது இருந்தாலும் 9தான்.) காசு கொடுத்து வாங்க ஆள் வருவார் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் சீட்டை அவர்கள் ஏன் மைல்ஸுக்குத் திறக்க வேண்டும்?

சொந்த உறுப்பினருக்குத் தெரியும் சீட் எல்லாம் கூட்டாளிக்குத் தெரிவதும் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் தொலைதூர பிசினஸ் சீட்டுகள் பெரும்பாலும் அதன் சொந்த மைல்ஸ் திட்டமான கிரிஸ்ஃபிளையரின் உறுப்பினர்களுக்குத்தான்.

அமெரிக்க நிறுவனங்களான டெல்டா 2015இலும் யுனைடெட் 2019இலும் எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல்ஸ் என்ற நிலையான விலைப் பட்டியலை எடுத்துவிட்டன, இப்போது விலை ஏறி இறங்கும். இப்படிப்பட்ட இடங்களில் பல சமயம் சீட் கிடைக்கும், ஆனால் கேட்கும் மைல்களைப் பார்த்தால் தலை சுற்றும்.

எனவே முதலில் சீட், அப்புறம்தான் பாயின்ட் மாற்றம். தயவுசெய்து இந்த வரிசையைப் புரட்டாதீர்கள்.

தேடும்போது ஒரு சீட் என்று போட்டு ஆரம்பியுங்கள். நான்கு கேட்டால், மூன்று இருந்தாலும் பல தளங்கள் 'இல்லை' என்றுதான் சொல்லும். இரண்டு பேர் இன்று, இரண்டு பேர் நாளை என்று பிரிந்து போக மனமிருந்தால் பாதிச் சிக்கல் தீரும். கனெக்‌ஷன் பயணமென்றால் ஒவ்வொரு கட்டத்தையும், அதாவது ஒவ்வொரு விமானத்தையும், தனியாகத் தேடிப் பாருங்கள். தனித்தனியே இருக்கும் இரண்டு கட்டங்கள் சேர்த்துக் கேட்டால் மறைந்துபோவதும் உண்டு, அதற்கு என் மேல் கோபப்படாதீர்கள்.

காலமும் முக்கியம். உங்கள் பயணத் தேதிக்கு முன்பதிவு திறக்கும் நாளைக் குறித்து வையுங்கள்: அமெரிக்கன் ஏர்லைன்ஸில் பயணத்துக்கு 331 நாள் முன்பு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 355 நாள். அதைத் தவறவிட்டால், விற்காத சீட்டுகள் சில சமயம் கடைசி இரண்டு வாரத்தில் மைல்ஸுக்குத் திறக்கும். லுஃப்தான்சாவின் முதல் வகுப்பு முன்பெல்லாம் கூட்டாளிகளுக்குப் பெரும்பாலும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பள்ளி விடுமுறையில், குடும்பத்தோடு, இதே தேதிதான் என்று இரண்டு மாதம் முன்பு வந்து நின்றால் என்னிடம் மந்திரக்கோல் இல்லை.

திரையில் சீட் தெரிந்தாலும் உடனே குதிக்காதீர்கள். பணம் கட்டும் பக்கம் வரை வந்து காணாமல் போகும் பேய் சீட்டுகள் நிறைய. இன்னொரு கூட்டாளியின் தளத்திலும் அதே சீட் தெரிகிறதா என்று பாருங்கள், அல்லது போன் போட்டுக் கேளுங்கள். பாயின்ட் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்றும் முன்கூட்டியே விசாரியுங்கள். சில உடனே சேரும், சிலவற்றுக்குப் பல நாள் ஆகும், அதற்குள் சீட் போய்விடும்.

மைல்ஸ் கையில் தயாராக இருந்து, உறுதியான சீட்டும் கிடைத்துவிட்டால், "வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" மட்டும் வேண்டாம். ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முதலில் பதிவு செய்யுங்கள். பல திட்டங்களில் அது சிறிய தொகைதான். வீட்டில் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.