அசெம்பிள்: பொருத்துதலா, உற்பத்தியா?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கணினிக் கடைக்குச் சென்றால், ‘பிராண்டட் வேணுமா, அசெம்பிள்டு வேணுமா?’ என்றுதான் கேட்பார்கள். நிறுவனப் பெயர் தாங்கி வருவது பிராண்டட்; மதர்போர்டு, பிராசசர், ராம், எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கிக் கடைக்காரரே கேபினட்டுக்குள் மாட்டித் தருவது அசெம்பிள்டு. இந்தப் பிரிவு பேச்சில் ஊன்றிவிட்டதால், முன்னது உற்பத்தி செய்யப்படுவது, பின்னது வெறுமனே பொருத்தப்படுவது என்ற எண்ணமும் கூடவே ஊன்றிவிட்டது. அது சரியன்று. ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனமும் புதுச்சேரியில் லெனோவோவும் பெரும்பாலும் செய்வது பொருத்தும் வேலைதான். அளவும் சோதனை முறையும் வேறு, அவ்வளவே.

அசெம்பிள் என்பது ‘ஒருசேர’ எனப் பொருள்படும் சிமுல் என்ற லத்தீன் சொல்லில் வேர்கொண்டு, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒன்றுகூட்டுதலே அதன் அடிப்படைப் பொருள். சட்டப்பேரவையும் பள்ளியின் காலைக் கூட்டமும் அசெம்பிளி எனப்படுவது இதனால்தான். உற்பத்தி என்னும் வடசொல்லுக்கோ தோன்றுதல், பிறத்தல் என்று பொருள்; இல்லாத ஒன்று உண்டாவதையே அது குறிக்கும்.

இவ்வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை ஒரு சில்லைக் கையில் எடுத்தாலே காணலாம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர்கள் சிலவற்றின் உலோக மூடியில், சிலிக்கான் சில்லின் உருவாக்கம் அமெரிக்காவிலும் தைவானிலும் நடந்தது என்று இரண்டு வரிகளும், ‘மேட் இன்’ என்று தொடங்கி மலேசியாவையோ சீனாவையோ சுட்டும் இன்னொரு வரியும் பொறிக்கப்பட்டிருக்கும். விரலகலப் பொருளுக்கே மூன்று நாடுகள் உரிமை கொண்டாடும்போது, முழுக் கணினியை ‘உள்நாட்டு உற்பத்தி’ என்று ஒரே சொல்லில் அடக்குவது வாங்குபவருக்கு உண்மையைச் சொல்வதாகாது. நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணையே, 2020இல் திருத்தப்பட்டபின், இதை உணர்ந்து, உள்நாட்டு மதிப்பு 50 விழுக்காட்டுக்குக் குறையாத பொருளைத் தருபவருக்கு முதல் வகுப்பும், 20 முதல் 50 விழுக்காட்டுக்குள் அடங்குவதைத் தருபவருக்கு இரண்டாம் வகுப்பும் தருகிறது. 2023 ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டபோது எழுந்த விவாதத்தில், இந்த அளவுகோலை விட்டுவிட்டு ‘உற்பத்தி’ என்ற சொல்லை மட்டும் பலர் பிடித்துக்கொண்டது வருத்தத்துக்குரியது.

இனித் தமிழ்ச் சொல். ஏர் பூட்டுவதும் வண்டி பூட்டுவதும் நம் பக்கத்தில் இன்றும் வழங்கும் நல்ல சொற்களே; ஆயினும் கணினியைப் பூட்டுவது என்றால் கடவுச்சொல் இட்டு மூடுவதாகிவிடும். தொகுத்தல் என்பதை மென்பொருள் துறை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ஆகவே பொருத்துதல் என்பதே தகும். எலும்பு மூட்டையும் மரச்சட்ட இணைப்பையும் பொருத்து என்று சொல்லும் வழக்கு அதற்குத் துணை நிற்கிறது. பாகங்களை மூலப்பொருளிலிருந்து செய்வதை உறுப்பாக்கம் எனலாம். ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் கைப்பேசியின் வெளிக்கூட்டைச் செய்வது உறுப்பாக்கம். அந்தக் கூட்டுக்குள் திரையையும் மின்கலத்தையும் வைத்து மூடுவது, எந்த ஊரில் நடந்தாலும், பொருத்துதல். கணினிப் பெட்டியின் மீதும் விளம்பரத்திலும் இவ்விரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.