குவாரிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டமா? கை தூக்கப் போகாதீர்கள், எழுதிக்கொண்டு போங்கள்

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா ஒரு நாள் காலையில் பேப்பரில் கிழித்த துண்டு ஒன்றோடு வந்தார். “கண்ணு, இதுல நம்மூர்ப் பேரு இருக்குதாட்ட இருக்குது. என்னன்னு பாரு.”

பொடி எழுத்தில் விளம்பரம். மாசு கட்டுப்பாட்டு வாரியம், சாதாரண கல் மற்றும் கிராவல் குவாரி, சர்வே எண், ஹெக்டேர் கணக்கில் பரப்பு, சேலம் மாவட்டம் ஓமலூர் வட்டம், கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயரும் தேதியும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். படித்துச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “ஊரே போயி வேண்டாம்னு கை தூக்குனா நிறுத்திப்போடுவாங்கல்ல?”

மாட்டார்கள். அது ஓட்டெடுப்பு இல்லை. இத்தனை பேர் எதிர்த்தால் குவாரி வராது என்று விதியில் எங்கும் கிடையாது. கூட்டம் தொடங்க இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. நாற்காலிகள் காலியாக இருந்தாலும் நடத்தி முடித்துவிடலாம். முடிவெடுக்கிறவர்கள் அந்த மண்டபத்துக்கே வரப்போவதில்லை, அவர்கள் கைக்குப் போவது காகிதம். நீங்கள் சொன்னது அந்தக் காகிதத்தில் ஏறியிருக்கிறதா என்பதுதான் விஷயம். இது தெரியாமல் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் ஆவேசமாகப் பேசிவிட்டு, தொண்டை வறண்டு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது? சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986இல் வந்தது. அதன்கீழ் 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டும் என்பதை 1997இல்தான் சேர்த்தார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட அறிவிக்கை, அதற்குப் பிறகு வந்த ஏராளமான திருத்தங்களோடு. இதன்படி பெரிய திட்டம் எதுவானாலும் வேலை தொடங்கும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். எந்த வகைத் திட்டம் என்று பிரிப்பது, எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று வரையறுப்பது, மக்களைக் கேட்பது, நிபுணர் குழு பரிசீலிப்பது என நான்கு படிகள். நம் கூட்டம் மூன்றாவது படி.

பெரிய திட்டங்கள் ‘ஏ’ வகை, டெல்லியில் மத்திய அமைச்சகம் பார்க்கும். மற்றவை ‘பி’ வகை, மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் பார்க்கும். நம் மாநிலத்துக்கு அது சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கிறது. ‘பி’யிலும் பி1, பி2 என்று உண்டு. பி2 என்றால் மக்களைக் கேட்க வேண்டியதில்லை.

குவாரிக்காரர்கள் சிக்குவதும் நழுவுவதும் இந்த இடத்தில்தான். முதலில் 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கு அனுமதியே வேண்டாம் என்றிருந்தது. 5 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 12 ஏக்கர் 35 சென்ட். உடனே நாடு முழுக்க எல்லாக் குவாரியும் 4 ஹெக்டேர் சொச்சமாகச் சுருங்கிப் பக்கத்துப் பக்கத்தில் முளைத்தன. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சின்னக் குவாரிக்கும் அனுமதி வேண்டும் என்றது. 2016இல் ‘தொகுப்பு’ என்ற கணக்கு வந்தது: ஒரு குவாரியின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் அதே வகைக் குவாரி வேறு இருந்தால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இப்போதைய நடைமுறைப்படி, கூட்டியது 5 ஹெக்டேரைத் தாண்டினால் முழு மதிப்பீடும் வேண்டும், மக்கள் கூட்டமும் வேண்டும். ஒரே கரட்டைச் சுற்றி நாலு பேர் குத்தகை எடுத்திருக்கும் ஊர்களில் இப்போது விளம்பரம் வருகிறதென்றால் இதனால்தான். உங்கள் ஊரில் 500 மீட்டருக்குள் இருக்கும் பழைய குவாரி எதையாவது கணக்கில் விட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

ஜவ்வரிசி ஆலை போன்றவை 2006 அறிவிக்கையின் திட்டப் பட்டியலில் வராது. அவற்றுக்கு 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் இரண்டின்கீழும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருந்தால் போதும். கட்டுவதற்கு ஒன்று, ஓட்டுவதற்கு ஒன்று. ஏற்காட்டு மலைமேல் என்றால் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் தனி. அதை இன்னொரு நாள் பேசலாம்.

நம் ஆட்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சென்னை-சேலம் எட்டு வழிச்சாலைதான். அதில் 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம், நிலமெடுப்பு அறிவிப்பு வெளியிடுவதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்க வேண்டியதில்லை என்றது. நிலமெடுப்பு ஒரு வண்டி, சுற்றுச்சூழல் அனுமதி இன்னொரு வண்டி. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நிலத்துக்கு என்ன விலை தருவீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால், தப்பான வண்டியில் ஏறியதாகிவிடும்.

இனி பெரியப்பாவின் பேப்பர் துண்டுக்கு வருவோம். அவர் விளம்பரத்தை மட்டும் அழகாகக் கிழித்திருந்தார். மேலே இருந்த நாளிதழின் தேதி டீக்கடையிலேயே தங்கிவிட்டது. அந்தத் தேதிதான் முக்கியம். விளம்பரம் வந்த நாளுக்கும் கூட்டத்துக்கும் இடையில் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். ஒரு தேசிய நாளிதழ், ஒரு தமிழ் நாளிதழ், இரண்டிலும் வந்திருக்க வேண்டும். பேப்பர் போகாத ஊர் என்றால் தண்டோரா மாதிரி வேறு வழியிலாவது சொல்ல வேண்டும். அதனால் முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள், போட்டோவும் பிடித்து வையுங்கள். 30 நாள் இல்லையென்றால் அதுவே எழுதிக் கொடுக்க வேண்டிய முதல் ஆட்சேபம்.

அந்த 30 நாளில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வரைவு அறிக்கையைப் படிப்பது. ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம், வாரியத்தின் அலுவலகம் ஆகிய இடங்களில் அது பார்வைக்கு இருக்க வேண்டும். எங்கெங்கே என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கும். வாரியத்தின் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். சுருக்க அறிக்கை தமிழிலும் இருக்க வேண்டும் என்பது விதி. முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஊரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கா பஞ்சம்? அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள்.

தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். எந்த அறிக்கையும் ஒரே அச்சில் வார்த்ததுதான், 12 அத்தியாயம். நமக்கு வேண்டியது நான்கு. 3ஆவது, இன்றைக்கு ஊர் எப்படி இருக்கிறது என்பது. 4ஆவது, குவாரி வந்தால் என்ன ஆகும், அதைக் குறைக்க என்ன செய்வார்கள் என்பது. 10ஆவது, சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம். எதற்கு எவ்வளவு செலவு, யார் பொறுப்பு என்பது. 12ஆவது, அறிக்கையை எழுதிக் கொடுத்த ஆலோசனை நிறுவனம் எது என்பது.

அதிகப் பிழை கிடைப்பது 3ஆவதில். குவாரியைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்தில், மழை இல்லாத ஒரு பருவத்தில் மூன்று மாதம் காற்று, தண்ணீர், மண், சத்தம் எல்லாம் அளந்திருக்க வேண்டும். எந்த மூன்று மாதம் என்று பாருங்கள். மழைக்காலத்தில் அளந்தால் தூசி படிந்திருக்கும், கிணறு ஏறியிருக்கும். இரண்டுமே குவாரிக்காரருக்குச் சாதகம். காற்றை எந்த இடத்தில் அளந்தார்கள்? ஊருக்குள்ளா, காற்று வரும் திசையில் ஊருக்கு அந்தப் பக்கமா? நுண்தூசியான பி.எம். 10க்கு 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம்தான் எல்லை. இப்போதே 70, 80 என்று அறிக்கையில் போட்டிருந்தால், குவாரியும் கிரஷரும் டிப்பரும் சேரும்போது எங்கே போகும் என்று கேட்கலாமே. குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55, இரவில் 45 டெசிபல்.

நாங்கள் படித்த அறிக்கையில் ஒரு வரி: “திட்ட இடத்துக்கு அருகில் நீர்நிலை எதுவும் இல்லை.” பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப நான் போன வருசம் எருமைய முக்கி எடுத்தது எங்க?” என்றார். வேறெங்கோ எழுதிய அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டிய வரியாகத்தான் இருக்க வேண்டும். இது சின்ன விஷயமில்லை. வேண்டுமென்றே மறைத்தாலோ தப்பான தகவல் கொடுத்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று 2006 அறிவிக்கையே சொல்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் அ-பதிவேட்டு நகலும் வாங்கி, அந்த ஏரியின் சர்வே எண்ணோடு எழுதினோம்.

வீடுகளின் கணக்கு இன்னொன்று. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை கொடுக்கக் கூடாது. ஆனால் குடியிருப்பு என்பதற்கு அந்த விதியில் தனி அர்த்தம் உண்டு: வருவாய்ப் பதிவேட்டில் நத்தமாகவோ வீட்டுமனையாகவோ இருக்க வேண்டும், அல்லது அங்கீகரித்த மனைப்பிரிவாக இருக்க வேண்டும். நம் பக்கம் பாதிப் பேர் காட்டிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பட்டாவில் அது புன்செய். வீடு 150 மீட்டரில் இருந்தாலும் அறிக்கையின் அட்டவணையில் அது இல்லாமல் போக வாய்ப்புண்டு. அதனால் வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எண், ரேஷன் கார்டு நகல் மூன்றையும் சேர்த்து, இங்கே இத்தனை பேர் குடியிருக்கிறோம் என்று ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியாக எழுதிக் கொடுப்பது நல்லது.

சேர்வராயன் அடிவாரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021இல் ஒரு விதி வந்தது. அடுத்த ஆண்டே அதிலிருந்து காப்புக்காடு என்பதை எடுத்துவிட்டார்கள். பழைய விதியை நம்பிக் கூட்டத்தில் வாதாடினால் எதிர்ப்பக்கம் சுலபமாக மடக்கிவிடும். எனக்கு இதில் வருத்தம்தான். மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு, வெட்டிப் போட்ட கல் மேடு எத்தனை காலம் அப்படியே நிற்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கூட்ட நாள். ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் தகுதிக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். வாரியத்தின் பிரதிநிதி பக்கத்தில் இருப்பார். முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். முதலில் கம்பெனி ஆட்கள் படம் போட்டு விளக்குவார்கள். அப்புறம் வந்திருக்கிற யாரும் கேள்வி கேட்கலாம், கம்பெனி பதில் சொல்ல வேண்டும். முன்வரிசையில் வெளியூர் ஆட்கள் உட்கார்ந்து “வேலை வாய்ப்பு வரும், வரவேற்கிறோம்” என்று ஒரே மாதிரி பேசுவதும் நடக்கும். அவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ரகளையானால் நஷ்டம் ஊருக்குத்தான். பதிவில் ‘சலசலப்பு’ என்ற ஒரு சொல்தான் மிஞ்சும்.

பேசும்போது பெயர், ஊர், குவாரியிலிருந்து உங்கள் வீடோ கிணறோ எத்தனை மீட்டர் என்று தொடங்குங்கள். “தூசி வரும், வேண்டாம்” என்றால் “தண்ணீர் தெளிப்போம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். “ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தெளிப்பீர்கள், அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும், 10ஆவது அத்தியாயத்தில் அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், பேப்பரைப் புரட்டுவார்கள். பேசியதையே எழுத்திலும் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளும் வாரியத்துக்கு எழுதி அனுப்பலாம். இடையில் கிராம சபை வந்தால் தீர்மானம் போட்டு அதன் நகலையும் சேருங்கள்.

பலர் கோட்டை விடுவது கடைசிப் பதினைந்து நிமிடத்தை. கூட்டம் முடியும்போது, பேசியதன் சுருக்கத்தை வந்திருப்பவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். ஒப்புக்கொண்ட அந்தக் குறிப்பில் தலைமை வகித்தவர் அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். எங்கள் கூட்டத்தில் அந்த நேரம் மணி இரண்டு. பாதி மண்டபம் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. அதிகாரி வாசித்துக்கொண்டே வந்தார்: தூசி, வெடி, சாலை, வேலை வாய்ப்பு. பெரியப்பா எழுந்து, “ஏனுங்க, நான் கேட்ட ஏரி எங்கீங்க?” என்றார். ஒரு நிமிடம் அமைதி. பிறகு பேனா எடுத்துச் சர்வே எண்ணைக் கேட்டு எழுதினார்கள். கடைசி வரியில், கையால்.

வாரியம் அந்தக் குறிப்பை 8 நாளில் மேலே அனுப்ப வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும், இணையதளத்திலும் போட வேண்டும். மக்கள் எழுப்பிய ஒவ்வொன்றுக்கும் கம்பெனி பதில் எழுதி, செய்வதாகச் சொன்னதை மேலாண்மைத் திட்டத்தில் செலவுத் தொகையோடு சேர்த்த பிறகுதான் இறுதி அறிக்கை நிபுணர் குழுவுக்குப் போகும். அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பார்க்கலாம்.

அனுமதி கிடைத்துவிட்டால்? தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் தருவார்கள், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. மேல்முறையீடு போகாவிட்டாலும் அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கி வையுங்கள். அதில் உள்ள நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறோமா என்று கம்பெனி ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும், அது பொது ஆவணம். பெரியப்பா வீட்டு டெய்லி காலண்டரில் அந்த இரண்டு தாளையும் இப்போதே மடித்து வைத்திருக்கிறார்.