ஓபியாய்டு பழக்கத்துக்கு அமெரிக்காவில் மருந்து வேண்டுமா, முதலில் எந்த மாநிலம் என்று சொல்லுங்கள்

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பையன். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "பூப்ரெனார்ஃபின் நாங்கள் வைப்பதில்லை." எப்போது வரும் என்று கேட்டான். தெரியாது. வேறு எந்தக் கடையில் கிடைக்கும்? போன் போட்டுப் பாருங்கள். அவன் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டான். ஓபியாய்டு (அபினி வகை வலி மருந்து, போதைப் பொருள்) பழக்கத்திலிருந்து மீள எடுக்கும் அந்த மருந்து ஒருநாள் இரண்டுநாள் தள்ளிப்போனால் உடம்பு முறுக்கும், வாந்தி, பேதி, தூக்கமே வராது. அதைத் தாங்க முடியாமல் தெருவில் கிடைப்பதை வாங்கினால் இன்றைக்கு அதில் பெரும்பாலும் ஃபென்டனில் என்ற கடும் வீரியமுள்ள ஓபியாய்டுதான் இருக்கும்.

இதெல்லாம் நம்மவர்களுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். முழங்கால் ஆபரேஷனுக்கும் கடவாய்ப் பல் பிடுங்கியதற்கும் கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கியவர்கள் நிறையப் பேர். நியூ ஜெர்சியில் 2017-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, திடீர் வலிக்கு முதல்முறை எழுதும் ஓபியாய்டு 5 நாளுக்கு மேல் கூடாது. அதற்கு முன்னால் ஒரு மாதத்துக்குச் சேர்த்து எழுதிக் கொடுத்ததெல்லாம் உண்டு. 2022-ல் மட்டும் போதைப் பொருள் அளவு மீறி அமெரிக்காவில் இறந்தவர்கள் 1,07,941 பேர், அதில் நாலில் மூன்று பங்கு ஓபியாய்டால். 2024-ல் மொத்த எண்ணிக்கை 80,000 பக்கம் இறங்கியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பழக்கத்துக்கு மத்திய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் பெற்ற மருந்துகள் மூன்று: மெத்தடோன், பூப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன். முதல் இரண்டும் ஓபியாய்டு வகையே, ஆனால் போதை ஏற்றாமல் உடம்பின் தவிப்பை அடக்கி வைப்பவை. "ஒரு போதையை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதுதானே" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள், நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். சர்க்கரை நோயாளியிடம் இன்சுலின் பழக்கமாகிவிடும், நிறுத்து என்று யாரும் சொல்வதில்லை. நால்ட்ரெக்ஸோன் வேறு மாதிரி, ஓபியாய்டை வேலை செய்யவிடாமல் தடுப்பது. அதைத் தொடங்க 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் தொடாமல் இருந்திருக்க வேண்டும், பலரால் அந்தப் பத்து நாளைத் தாண்ட முடிவதில்லை.

பூப்ரெனார்ஃபின் எழுத 2022 கடைசி வரை டாக்டருக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. எக்ஸ் வேவர் என்பார்கள். அதற்கு 8 மணி நேரப் பயிற்சி, முதல் வருடம் 30 நோயாளிக்கு மேல் பார்க்கக் கூடாது என்று உச்சவரம்பு வேறு. இதில் வேடிக்கை என்னவென்றால் மக்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்த வலி மாத்திரைகளை எழுத எந்தத் தனி அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. 2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான மத்தியச் சட்டம் அந்த அனுமதி முறையை எடுத்துவிட்டது. இப்போது கட்டுப்பாட்டு மருந்து எழுத டி.ஈ.ஏ. (மத்திய போதைத் தடுப்பு அமைப்பு) கொடுக்கும் பதிவு உள்ள எந்த டாக்டரும், மாநிலச் சட்டம் விடுகிற இடங்களில் நர்ஸ் பிராக்டிஷனரும் (மருந்து எழுதும் மேல்பயிற்சி பெற்ற நர்ஸ்), இதை எழுதலாம். ஆகவே உங்கள் குடும்ப டாக்டர் "எனக்கு அதற்கு லைசென்ஸ் இல்லை" என்றால் அது பழைய கதை, மரியாதையாகவே எடுத்துச் சொல்லுங்கள். விருப்பமில்லை என்று அவர் சொன்னால் அது வேறு, அப்போது வேறு டாக்டரைத் தேட வேண்டியதுதான். கொரோனா சமயத்தில் நேரில் போகாமல் போனிலோ வீடியோவிலோ பார்த்துத் தொடங்கலாம் என்று கொடுத்த தளர்வும் தொடர்ந்து நீட்டிக்கப்பட்டு வருகிறது.

"மாநிலச் சட்டம் விடுகிற இடங்களில்" என்று மேலே போகிறபோக்கில் எழுதினேனே, சிக்கலெல்லாம் அங்கேதான். மத்தியச் சட்டம் கதவைத் திறந்தாலும் மாநிலம் உள்ளே இன்னொரு கதவு வைக்கலாம். டென்னசியில் நலாக்ஸோன் (ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்து) கலக்காத தனி பூப்ரெனார்ஃபினைக் கர்ப்பிணி, பாலூட்டும் தாய், நலாக்ஸோன் ஒவ்வாமை பதிவான நோயாளி போன்ற சிலருக்குத்தான் எழுதலாம். அங்கே நர்ஸ் பிராக்டிஷனர்கள் போதை சிகிச்சைக்கு இதை எழுத 2020 வரை தடையே இருந்தது, பிறகும் நிபந்தனையோடுதான் திறந்தார்கள். கிராமப்புறங்களில் டாக்டரைவிட நர்ஸ் பிராக்டிஷனர்தான் கைக்கு எட்டுவார் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தடை யாரைப் பிடித்திருக்கும் என்று புரியும்.

மெத்தடோன் கதை இன்னும் மோசம். அதே மெத்தடோனை வலிக்கு எழுதினால் சாதாரண மருந்துக் கடையில் வாங்கலாம். போதைப் பழக்கத்துக்கு என்றால் அதற்கென்று உரிமம் பெற்ற கிளினிக்கில் மட்டும்தான், பெரும்பாலோர் தொடக்கத்தில் தினமும் காலையில் போய், நர்ஸ் பார்க்க ஒரு சின்னக் கப்பில் குடித்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். ஒரு மணி நேரத் தூரத்தில் கிளினிக் இருந்தால் போக வர இரண்டு மணி, ஷிப்ட் வேலை பார்ப்பவன் என்ன செய்வான்? 2024-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. டாக்டர் சரி என்றால் முதல் 14 நாளுக்குள் 7 நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுக்கலாம், 15-ஆம் நாளிலிருந்து 14 நாளுக்கு, 31-ஆம் நாளிலிருந்து 28 நாளுக்கு. கிளினிக்கில் சேர ஒரு வருடமாவது பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் போய்விட்டது. ஆனால் இது மேல்வரம்பு. இதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்ள மாநிலத்துக்கும் கிளினிக்குக்கும் உரிமை உண்டு, ஆகவே கிளினிக்கில் "எங்கள் மாநிலத்தில் 2024 விதி அப்படியே அமலா?" என்று நேராகக் கேளுங்கள். மேற்கு வர்ஜீனியா 2007-ல் புதிய மெத்தடோன் கிளினிக் கூடாது என்று தடை போட்டது. நாட்டிலேயே போதைச் சாவு விகிதத்தில் வருடக்கணக்காக முன்வரிசையில் நிற்கும் மாநிலம் அது! வயோமிங்கில் 2024 வரை ஒரு கிளினிக்கூட இல்லை.

அடுத்தது இன்சூரன்ஸ், நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். மருந்து எழுதியாகிவிட்டது, கடையிலும் இருக்கிறது, ஆனால் "முன்அனுமதி வேண்டும், 3 நாள் ஆகும்" என்று திரையில் வருகிறது. இந்த நோயில் மூன்று நாள் என்பது மிகப் பெரிய காலம். அதனால்தான் பல மாநிலங்கள் இந்த மருந்துகளுக்கு முன்அனுமதி கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கின்றன. நியூ ஜெர்சியில் 2017 சட்டப்படி, அதே 5 நாள் வரம்பு கொண்டுவந்த சட்டம்தான், போதை சிகிச்சைக்கு வருடத்தில் முதல் 180 நாளுக்கு முன்அனுமதி இல்லாமலே காப்பீடு தர வேண்டும். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டிலும் 2019 ஏப்ரலில் இந்த மருந்துகளுக்கு முன்அனுமதியை எடுத்தார்கள். நியூயார்க்கிலும் இதே போல உண்டு.

இதைப் படித்துவிட்டு உடனே இன்சூரன்ஸ்காரனிடம் சண்டைக்குப் போகாதீர்கள், முதலில் உங்கள் பிளான் எந்த வகை என்று பாருங்கள். பெரிய கம்பெனிகள் பல, ஊழியர் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, அட்டையில் பெயர் போட்டிருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியை வெறும் கணக்குப்பிள்ளையாக வைத்திருக்கின்றன. செல்ஃப் ஃபண்டெட் பிளான் என்று பெயர். வேலை வழியாகக் காப்பீடு பெறுகிறவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அருகில் இந்த வகைதான், ஐ.டி.யில் இருப்பவர்கள் இன்னும் அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம். 1974-ஆம் வருடத்து எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால் இந்தப் பிளான்களை மாநில இன்சூரன்ஸ் சட்டம் கட்டுப்படுத்தாது. அதாவது ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு, ஒரே மருந்து, ஒருவருக்கு அன்றே கிடைக்கும், இன்னொருவர் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். எச்.ஆருக்கு ஒரு வரி எழுதினால் போதும்: நம் பிளான் செல்ஃப் ஃபண்டெடா, ஃபுல்லி இன்ஷூர்டா (இன்சூரன்ஸ் கம்பெனியே செலவை ஏற்பது)? எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. செல்ஃப் ஃபண்டெட் என்றால் உங்கள் பிடி 2008-ஆம் வருடத்து மனநலச் சமநிலைச் சட்டம். போதை சிகிச்சைக்கு மட்டும் மற்ற நோய்களைவிடக் கடுமையான நிபந்தனை வைக்கக் கூடாது என்கிறது அது. மறுப்புக் கடிதம் வந்தால் இந்தச் சட்டத்தின் பெயரைப் போட்டு அப்பீல் எழுதுங்கள், "அவசர அப்பீல்" என்று தலைப்பிலேயே குறிப்பிடுங்கள், இது அவசரம் என்று உங்கள் டாக்டரும் சொன்னால் 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரும்.

மெடிகெய்டில் இருப்பவர்களுக்கு மூன்று மருந்தையும் எல்லா மாநிலமும் தர வேண்டும் என்று 2018-ல் வந்த மத்தியச் சட்டம் சொல்கிறது, 2024-ல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆனால் டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற இடங்களில் மெடிகெய்டை விரிவாக்கவே இல்லை, குழந்தை இல்லாத ஏழை இளைஞனுக்கு அங்கே மெடிகெய்டே கிடைக்காது. கிரீன் கார்டு வாங்கி 5 வருடம் ஆகாத பெரியவர்களுக்கும் பொதுவாகக் கிடையாது.

சிறைக்குப் போனால் மருந்து நின்றுவிடுவது வழக்கம், வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் சாவு அதிகம், ஏனென்றால் உடம்பின் தாங்கு சக்தி குறைந்திருக்கும். ரோட் ஐலண்ட் 2016-ல் மாநிலம் முழுக்கச் சிறைக்குள் மூன்று மருந்தும் கொடுக்கத் தொடங்கியது, நியூயார்க் 2021-ல் சட்டமே போட்டது. மற்ற மாநிலங்களில் மறுத்தால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டலாம். டாக்டர் எழுதிய மருந்தைச் சாப்பிடுபவரைப் போதைப் பொருள் உபயோகிப்பவராக நடத்துவது பாகுபாடு என்று மத்திய நீதித்துறை 2022 ஏப்ரலில் எழுத்தில் சொல்லியிருக்கிறது. வேலைக்கும் இது பொருந்தும்.

வீட்டில் யாருக்காவது இந்தப் பழக்கம் இருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே நலாக்ஸோன் ஸ்பிரே வாங்கி வையுங்கள். மூச்சு நின்றவரை மூக்கில் ஒரு அழுத்து அழுத்தி மீட்கும் மருந்து. 2023 முதல் சீட்டே இல்லாமல் கிடைக்கிறது, அப்போது இரண்டு டோஸ் பெட்டி சுமார் 45 டாலர். நியூ ஜெர்சியில் 2023 ஜனவரியிலிருந்து, திட்டத்தில் சேர்ந்த மருந்துக் கடைகளில் 14 வயது நிரம்பிய யார் கேட்டாலும் இலவசம், பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். நானும் போய் வாங்கினேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு நிமிடத்தில் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

911-ஐ அழைத்தால் போலீஸ் பிடிக்குமோ என்ற பயத்துக்காக வந்ததுதான் நல்ல சமாரியர் சட்டம். நியூ மெக்சிகோ 2007-ல் தொடங்கியது, நியூ ஜெர்சியில் 2013. அழைத்தவரையும் மயங்கிக் கிடப்பவரையும் போதைப் பொருளைக் கையில் வைத்திருந்த குற்றத்துக்காகக் கைது செய்ய மாட்டார்கள். விற்றவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. விசாவில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: குடியேற்றச் சட்டம் மத்திய அரசினுடையது, மாநிலத்தின் இந்தப் பாதுகாப்பு அதைக் கட்டுப்படுத்தாது. கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையில் போதைப் பழக்கம் என்று பதிவானால் 12 மாதம் விட்டு இருந்ததாகக் காட்ட வேண்டிவரும். அதனால் அந்தப் பரிசோதனைக்கு முன்னால் குடியேற்ற வக்கீல் ஒருவரைப் பாருங்கள். 911-ஐ மட்டும் யோசிக்காமல் அழையுங்கள். சிகிச்சை எடுத்த பதிவுகளைப் பற்றியும் பயம் வேண்டாம், போதை சிகிச்சை மையத்தின் கோப்பை உங்கள் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் போலீசுக்குக் கொடுக்கக் கூடாது.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் மத்திய அரசின் உதவி எண் 1-800-662-4357, இலவசம், இரவு பகல் எப்போதும், பெயர் சொல்ல வேண்டாம். உங்கள் ஜிப் கோடைச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் இடங்களைச் சொல்வார்கள். டாக்டர் சீட்டு அனுப்பும் முன்பே மூன்று நான்கு மருந்துக் கடைக்கு நீங்களே போன் செய்து ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கும் கடையின் பெயரை டாக்டரிடம் சொல்லுங்கள். மொத்த விற்பனையாளர்கள் கட்டுப்பாட்டு மருந்து எவ்வளவு போகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பதால் பல கடைகள் வைக்கவே தயங்குகின்றன. அன்றைக்கு அந்தப் பையனுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

வேலை மாறி வேறு மாநிலம் போகிறீர்கள் என்றால் வீடு பார்க்கும்போதே கிளினிக் எத்தனை மைல் என்றும் பார்த்துவிடுங்கள். மெத்தடோன் எடுப்பவர்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பழைய கிளினிக்கில் சொல்லிவைத்தால் போகிற ஊர் கிளினிக்கில் கெஸ்ட் டோஸ் (தற்காலிகமாக அங்கே மருந்து வாங்கிக்கொள்வது) ஏற்பாடு செய்து தருவார்கள், அப்படித்தான் எங்கள் நண்பர் ஒருவரின் மகன் ஓஹையோ போன முதல் வாரத்தைச் சமாளித்தான்.