ஐந்து ஜான் வாஷிங்டன்கள்: காலனிக்கால நிலக்காரரின் வம்சாவளியைச் சிக்கெடுப்பது எப்படி

இங்கிலாந்தின் குலச்சின்னத் துறைத் தலைவராக இருந்த ஐசக் ஹேர்ட், 1791-இல் ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதி அவருடைய முன்னோர் பற்றிக் கேட்டார். பதில் 1792 மே மாதம் போனது. 1657 வாக்கில் ஜான், லாரன்ஸ் என்ற இரு சகோதரர்கள் வர்ஜீனியாவுக்கு வந்தார்கள். அவர்கள் இங்கிலாந்தின் வடபகுதிக்காரர்கள், லங்காஷயரா யார்க்‌ஷயரா என்பது சரியாக நினைவில்லை. இந்த விஷயத்தில் தாம் அதிகம் கவனம் செலுத்தியதில்லை. அதிபர் சொன்னது இவ்வளவுதான்.

ஹேர்ட் தேடினார். நார்தாம்ப்டன்ஷயரில் சுல்கிரேவ் வாஷிங்டன் குடும்பத்தில் ஜான், லாரன்ஸ் என்று இரு சகோதரர்கள் கிடைத்தார்கள். பெயர் பொருந்தியது, காலமும் ஏறக்குறைய பொருந்தியது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வம்சாவளியே அச்சேறிக்கொண்டிருந்தது. 1866-இல் ஜோசப் லெமுவேல் செஸ்டர் அதை உடைத்தார். சுல்கிரேவ் ஜான் ‘சர்’ பட்டம் பெற்றவர். வர்ஜீனியா ஜானுக்கு எந்த ஆவணத்திலும் அந்தப் பட்டம் இல்லை, மனைவியின் பெயரும் வேறு. சுல்கிரேவ் லாரன்ஸோ பாதிரியார். 1880-களில் ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ் உண்மையான இணைப்பைக் கண்டுபிடித்தார். கடல் கடந்த ஜானும் லாரன்ஸும் அந்தப் பாதிரியாரின் மகன்கள். சர் ஜான் அவர்களுக்குப் பெரியப்பா–சித்தப்பா முறை. குடும்பம் சரி, தலைமுறை தவறு. அப்பாவையும் அவர் உடன்பிறந்தவரையும் பிள்ளைகளின் இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

இன்று இணையத்தில் கிடைக்கும் வம்சாவளி மரங்களில் இதே பிழை ஓயாமல் நடக்கிறது. காரணமும் அதேதான்: பெயரை ஆதாரமாக எடுத்துக்கொள்வது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். பெயரன் என்ற சொல்லே அங்கிருந்து வந்தது. காலனிக்கால வர்ஜீனியாவிலும் அப்படியே. இந்த ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்தால் சர் ஜான், கடல் கடந்த ஜான், அவர் மகன் ஜான், கடல் கடந்த லாரன்ஸின் மகன் ஜான், பிறகு ஒரு பேரன் ஜான் என ஐந்து ஜான்கள். இதில் கடல் கடந்த சகோதரர் இருவரும் 1675 செப்டம்பரில் ஒரே வார இடைவெளியில் உயில் எழுதினார்கள். இரண்டு உயில்களும் ‘1677 ஜனவரி’ என்ற தேதியில் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டன. பெயரையும் ஆண்டையும் மட்டும் பார்ப்பவர் இங்கே வழுக்கி விழாமல் இருக்க முடியாது.

முதல் வேலை: எதையும் சேர்க்காதீர்கள்

ஆவணம் ஒன்றுக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள். ஆவணத்தில் உள்ளபடியே தேதி, பதிவான தேதி, கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), எழுத்து மாற்றாமல் பெயர், ஏக்கர், அருகிலுள்ள ஓடை, எல்லையில் நிலம் வைத்திருப்பவர்கள், மனைவி, சாட்சிகள், கையெழுத்தா கீறலா. கடைசிக் கட்டம் சாதாரணமாகத் தோன்றும். ஒரு பத்திரத்தில் தெளிவாகக் கையெழுத்திட்டவர் சில ஆண்டுகள் கழித்து இன்னொன்றில் கீறல் போட்டிருந்தால், அவர் நோயில் கிடந்திருக்க வேண்டும் அல்லது அவர் வேறு ஆள். ஆனால் நீதிமன்றப் பதிவேட்டில் இருப்பது எழுத்தர் எடுத்த நகல். அதில் கையெழுத்து வடிவத்தைத் தேடிப் பயனில்லை, ‘அவருடைய அடையாளம்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எந்த இரண்டு வரிகள் ஒரே ஆளுடையவை என்பதை எல்லா வரிகளும் நிரம்பிய பிறகே முடிவு செய்யுங்கள். முன்கூட்டியே சேர்த்தவற்றைப் பிரிப்பது மிகக் கடினம்.

பொய் முரண்பாடுகளைக் களைவது

கையில் வரும் முரண்களில் கணிசமானவை முரண்களே அல்ல. 1752 வரை ஆங்கிலேயக் காலனிகளில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான நாட்கள் முந்தைய ஆண்டின் கணக்கில் வரும். கடல் கடந்த ஜானின் மகன் லாரன்ஸ் உயில் எழுதியது 1697/8 மார்ச் 11 (பழைய கணக்கில் 1697, நம் கணக்கில் 1698). அது நிரூபிக்கப்பட்டது 1698 மார்ச் 30. இடைவெளி 19 நாட்கள். சாய்கோட்டை விட்டுவிட்டுப் படியெடுத்தவர் ஓராண்டுக்கு மேல் என்று எழுதுவார். அந்த இடைவெளியில் இன்னொரு குழந்தையைக்கூடப் பிறக்க வைத்துவிடுவார்கள். மேலே சொன்ன 1677 ஜனவரியும் நம் கணக்கில் 1678 ஜனவரி.

1752-இல் நாட்காட்டி மாறியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறப்பு குடும்ப பைபிளில் 1731/2 பிப்ரவரி 11. இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. இரண்டும் ஒரே நாள். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் குடும்பங்களில் மாதங்களுக்கு எண் மட்டுமே. 1752-க்கு முன் அவர்களுக்கு முதல் மாதம் மார்ச். ஏட்டில் உள்ள தேதியை அப்படியே ஒரு கட்டத்திலும் மாற்றிய தேதியை இன்னொரு கட்டத்திலும் எழுதுங்கள். மாற்றியதை மட்டும் எழுதினால், அடுத்து வருபவர் அதை மறுபடியும் மாற்றுவார்.

உறவுச் சொற்கள் இன்னொரு பொறி. ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்றால் அப்பா, மகன் என்று பொருளில்லை. அந்த வட்டாரத்தில் அதே பெயரில் மூத்தவர், இளையவர், அவ்வளவே. மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். ‘ஆர்ஃபன்’ என்பது தந்தையை இழந்த பிள்ளை, தாய் உயிரோடு இருக்கலாம். ‘இன்ஃபன்ட்’ என்றால் 21 வயது நிரம்பாதவர். இருபது வயது இளைஞனும் அதில் அடக்கம். உயிலில் ‘இப்போதைய மனைவி’ என்று வந்தால் முன்பு ஒருத்தி இருந்தாள் என்று பொருளில்லை. ‘கசின்’ என்பது அண்ணன், அக்காள் பிள்ளைகளையும் குறிக்கும். ‘சன்-இன்-லா’, ‘டாட்டர்-இன்-லா’ இரண்டும் மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளைகளைக் குறிக்கவும் வழங்கின.

வாஷிங்டன் வழக்கில் முடிச்சை அவிழ்த்ததில் இந்தக் கடைசிச் சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹெர்ட்ஃபர்ட்ஷயரின் டிரிங் ஊரில் ஆண்ட்ரூ நோலிங் என்பவர் எழுதிய உயிலில், பாதிரியார் லாரன்ஸின் மனைவி ஆம்ஃபிலிஸை ‘டாட்டர்-இன்-லா’ என்கிறார். மருமகள் என்று படித்தால் கதை குழம்பிப்போகும். அவர் ஆம்ஃபிலிஸின் விதவைத் தாயை மணந்தவர், அதாவது மாற்றாந்தந்தை. அதே உயிலில் ஆம்ஃபிலிஸின் பிள்ளைகள் லாரன்ஸ், ஜான், எலிசபெத், மார்கரெட், மார்த்தா முதலியோர் வருகிறார்கள். கடலுக்கு அப்பால், வர்ஜீனியா ஜானின் உயிலில் தங்கை மார்த்தா வருகிறார். அந்த மார்த்தாவின் 1697 உயிலில் இங்கிலாந்தில் உள்ள எலிசபெத், மார்கரெட் என்ற சகோதரிகள் வருகிறார்கள். ஒரு ஜான் இன்னொரு ஜானோடு பொருந்துவது எதையும் நிரூபிக்காது. ஐந்து உடன்பிறப்புகள் கூட்டமாகப் பொருந்துவது தற்செயலாக நடப்பது மிக அரிது.

நிலம் சொல்வது

நிலக்காரர்களை ஆராய்வதில் உள்ள பெரிய வசதி, நிலம் இடம் மாறாது என்பதே. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் இரண்டு கேள்விகள்: எப்படி வந்தது, எப்படிப் போனது? நம்மூர் பாஷையில் சொன்னால் தாய்ப்பத்திரம் தேடுவது. ஒருவர் 700 ஏக்கர் வைத்திருக்கிறார், அரசு வழங்கிய நில மானியமும் இல்லை, கிரயப் பத்திரமும் இல்லை என்றால் நிலம் தந்தைவழி வந்ததா, மனைவிவழி வந்ததா என்று பாருங்கள். கடல் கடந்த ஜானுக்கு மேட்டாக்ஸ் ஓடையருகே கிடைத்த 700 ஏக்கர், மாமனார் நத்தானியேல் போப் கொடுத்தது. மனைவி ஆன் போப் யார் மகள் என்பதற்கு நிலமே சாட்சி.

அளவுக் குறிப்புகளை வரைந்து பாருங்கள். ‘வடக்கிலிருந்து கிழக்காக 45 டிகிரி, 120 போல், வெள்ளை ஓக் மரம் வரை’ என்ற பாணியில் எல்லை எழுதப்பட்டிருக்கும். ஒரு போல் 16.5 அடி. நான்கு போல் ஒரு சங்கிலி, 320 போல் ஒரு மைல், 160 சதுர போல் ஓர் ஏக்கர். 1:24,000 அளவிலான நிலப்பட வரைபடத்தில் ஓர் அங்குலம் 2,000 அடி, ஏறக்குறைய 121 போல். அதே அளவில் வரைந்து வெட்டி, ஓடையின் வளைவோடு பொருத்துங்கள். கோடு தொடங்கிய இடத்தில் வந்து மூடவில்லை என்றால், நகலெடுத்த எழுத்தர் ஒரு வரியை விட்டிருப்பார் அல்லது வடக்கைத் தெற்காக்கியிருப்பார். ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பக்கத்து நிலம் பல பத்தாண்டுகள் கழித்து அளக்கப்பட்டதென்றால் சில டிகிரி திரும்பி நிற்கும். காந்த வடக்கு நகர்வதுதான் காரணம், பிழையல்ல. அண்டை நிலங்களையும் வரைந்தபின் யார் யாருக்குப் பக்கத்து வீடு என்று புலப்படும். இரண்டு ஜான்களைப் பிரிக்க இதைவிட நல்ல வழி கிடையாது: இருவரும் ஒரே பெயரில் இருக்கலாம், ஒரே ஓக் மரத்தடியில் இருக்க முடியாது.

வாரிசுச் சட்டத்தைத் தெரியாமல் உயிலைப் படிப்பது ஆபத்து. வர்ஜீனியாவில் 1785-இல் இயற்றிய சட்டம் 1787-இல் நடைமுறைக்கு வரும்வரை, உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. ஆகவே உயிலில் மூத்த மகன் பெயரே இல்லாமலிருக்கலாம். அல்லது ஒரு ஷில்லிங் மட்டும் எழுதியிருக்கலாம். கோபத்தில் தள்ளிவைத்தார் என்று கதை கட்டுகிறார்கள். பெரும்பாலும் அந்த மகன் தன் பங்கை ஏற்கெனவே வாங்கியிருப்பார். மாசசூசெட்ஸிலும் பென்சில்வேனியாவிலும் மூத்தவருக்கு இரட்டைப் பங்கு என்பதால் அங்கே இதே ஆவணத்தை வேறு மாதிரி படிக்க வேண்டும். விதவைக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் உரிமை உண்டு. அதனால் கணவர் விற்கும்போது மனைவியைத் தனியே விசாரித்து அவர் சம்மதத்தைப் பதிவார்கள். 1740-இல் மேரி, 1746-இல் சாரா என்று சம்மதம் வந்தால் இடையில் ஒரு மரணமும் ஒரு திருமணமும் நடந்திருக்கலாம், அல்லது உங்கள் கையில் இரண்டு ஆட்கள் இருக்கலாம். நிலம்தான் எது என்று சொல்லும்.

குடியேற்ற ஆண்டு பற்றியும் எச்சரிக்கை தேவை. வர்ஜீனியாவில் 1618 முதல் ஓர் ஆளைக் கொண்டுவரும் செலவை ஏற்றவருக்கு 50 ஏக்கர் உரிமை. அந்த உரிமையை விற்கலாம். ஒரே ஆளுக்காகக் கப்பல் தலைவரும் வணிகரும் தனித்தனியே உரிமை கேட்டதும் நடந்தது. மானியத்தின் தேதி அந்த ஆள் வந்த தேதியல்ல. அதற்கு முன்பே, பல ஆண்டுகள் முன்புகூட, வந்திருக்கலாம்.

நிலம் நகராது, கவுண்டி எல்லை நகரும். கடல் கடந்த ஜானும் நிக்கோலஸ் ஸ்பென்சரும் 1674-இல் பெற்ற லிட்டில் ஹண்டிங் ஓடை 5,000 ஏக்கர் அப்போது ஸ்டாஃபர்டு கவுண்டி. 1731-இல் பிரின்ஸ் வில்லியம், 1742-இல் ஃபேர்ஃபாக்ஸ். ஜார்ஜ் வாஷிங்டனின் மாளிகையான மவுண்ட் வெர்னான் நிற்பது அந்த நிலத்தில்தான். ஒரே நிலத்துக்கு மூன்று நீதிமன்றங்களைத் தேட வேண்டும், அதில் ஸ்டாஃபர்டின் ஏடுகள் பெரும்பகுதி உள்நாட்டுப் போரில் அழிந்தன. அங்கே ரிச்மண்டில் வர்ஜீனியா நூலகத்தில் உள்ள நார்தர்ன் நெக் (போடோமாக், ராப்பஹானக் ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதி) மானியப் புத்தகங்கள் கைகொடுக்கும். 1704-ஆம் ஆண்டு நிலவரிப் பட்டியலில் பெயர் இல்லை என்று யாரையும் இறந்தவராக்காதீர்கள். நார்தர்ன் நெக் கவுண்டிகள் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். குடும்ப பைபிளில் முதலில் அச்சான ஆண்டைப் பாருங்கள். அதற்கு முந்தைய பிறப்புகள் நினைவிலிருந்தோ பழைய தாளிலிருந்தோ எழுதியவை. எல்லாம் ஒரே மையில் ஒரே கையில் இருந்தால் ஒரே நாளில் எழுதியவை. கல்லறைக் கல் எப்போது நாட்டியது என்று கேளுங்கள். மரபணுச் சோதனை விற்பவர்கள் தீர்த்துத் தருவதாகச் சொல்வார்கள். தந்தைவழி ஒய் குரோமோசோம் அப்பா, சித்தப்பா, மகன் எல்லோருக்கும் ஒன்றே. ஹேர்டின் பிழையை அது கண்டுபிடித்திருக்காது. குடும்பப் பெயருக்குக் குலச்சின்னம் விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். ஆங்கில வழக்கில் சின்னம் குறிப்பிட்ட வழிமரபுக்கு உரியது, குடும்பப் பெயருக்கு அல்ல.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களின் பெயர்கள் கால்நடைகளுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவே வருகின்றன. ‘நம் குடும்பம் அல்ல’ என்று பலர் அந்த வரிகளை விட்டுவிட்டுப் படியெடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெயர், வயது, யாருக்குப் போனார், தாயோடு போனாரா என்பது எல்லாவற்றையும் எழுதுங்கள். அவர்களின் வழித்தோன்றல்களுக்கு அந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லாமல் இருக்கலாம்.

எல்லாம் செய்தபிறகும் சில கட்டங்கள் காலியாக நிற்கும். டிரிங் தேவாலயப் பதிவேட்டில் 1635-இல் லாரன்ஸின் ஞானஸ்நானம் இருக்கிறது, ஜானுடையது இல்லை. அவர் பிறந்த ஆண்டுக்கு 1631 முதல் 1633 வரை பல எண்கள் புழங்குகின்றன. அந்தக் கட்டத்தில் ‘1631–33 வாக்கில், ஞானஸ்நானப் பதிவு கிடைக்கவில்லை’ என்று எழுதி, தேடிய ஏடுகளின் பெயரையும் ஆண்டுகளையும் அதன் கீழே குறித்து வையுங்கள்.