ஸ்வில் மில்க்: சாராயச் சக்கைப் பால்

19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் நகரைக் கொதிக்கவைத்த சொல் ‘ஸ்வில் மில்க்’. சாராய வடிசாலைக் கழிவைத் தின்ற மாடுகளின் பால் அது. தமிழில் எழுதும்போது ‘கலப்படப் பால்’ என்று போட்டுவிடத் தோன்றும். அது போதாது. ஏன் என்பதை நியூயார்க் மாநிலச் சட்டமே காட்டுகிறது.

‘ஸ்வில்’ என்பது கழுவு, அலசு எனப் பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. பின்னர் சமையற்கட்டுக் கழிவுநீருக்கும் பன்றிக்கு ஊற்றும் தீனிக்கும் பெயரானது. நம் கழுநீரும் ‘கழுவு’ வழி வந்ததுதான். ஆனாலும் ‘கழுநீர்ப் பால்’ என்று சொல்லக் கூடாது. அரிசி களைந்த நீரில் தவிடும் பிண்ணாக்கும் கலந்து வைப்பது நல்ல தீவனம். நியூயார்க் மாடுகள் குடித்தது வேறு.

தானியத்தை ஊறவைத்துச் சாராயம் வடித்தபின் மிஞ்சும் கழிவு, ஆவி பறக்க, மரக்கால்வாய் வழியே வடிசாலையை ஒட்டிய கொட்டிலுக்குள் ஓடியது. மன்ஹாட்டனிலும் புரூக்ளினிலும் இதுதான் நடந்தது. அசைய இடமில்லாமல் கட்டிக்கிடந்த மாடுகளுக்குப் பல் சொத்தையானது, வால் அழுகி விழுந்தது. எழுந்து நிற்க முடியாத மாட்டையும் கறந்தார்கள். நீலம் பாரித்த அந்தப் பாலில் சுண்ணப்பொடியும் மாவும் சேர்த்து, ‘சுத்தமான நாட்டுப்புறப் பால்’ என்று விற்றார்கள். அதைக் குடித்தவர்களில் பச்சைக் குழந்தைகளும் உண்டு.

1842இலேயே சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஹார்ட்லி இதை எதிர்த்து எழுதினார். 1858 மே மாதம் ஃபிராங்க் லெஸ்லியின் வார இதழ் கொட்டில்களைப் படம் வரைந்து அம்பலப்படுத்தியது. விசாரித்த நகரமன்றக் குழுவின் பெரும்பான்மையோ, காற்றோட்டத்தைச் சீராக்கினால் போதும் என்றது. படிக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

மாநிலச் சட்டம் 1862இல்தான் வந்தது. (அண்டை மாநிலமான மாசச்சூசெட்ஸ் 1856இலேயே பால் கலப்படத்துக்குச் சட்டம் இயற்றிவிட்டது.) தண்ணீரோ மாவோ சேர்த்தவரைக் கலப்படக் குற்றத்தில் பிடிக்கலாம். எதையும் சேர்க்காமல், நோயுற்ற மாட்டிலிருந்து கறந்ததை அப்படியே விற்பவரை எப்படிப் பிடிப்பது? அதனால்தான் நியூயார்க் சட்டம் கேனோடு நிற்காமல் தொழுவத்துக்குள்ளும் போனது. மாடுகளை நெருக்கியடித்து அடைப்பதும், பாலைக் கெடுக்கும் தீனி போடுவதும் குற்றமாயின. பின்னர் வந்த திருத்தம், வடிசாலைக் கழிவு தின்ற மாட்டின் பால் தூய்மையற்றது என்று வெளிப்படையாகவே அறிவித்தது. கேடு கேனில் அல்ல, தீனித்தொட்டியில் தொடங்குகிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. 1866இல் பெருநகரச் சுகாதார வாரியம் அமைந்தபின் சட்டத்தைச் செயல்படுத்த உறுதியான ஒரு கை கிடைத்தது.

எனவே ஸ்வில் மில்க்கைச் ‘சாராயச் சக்கைப் பால்’ என்று எழுதலாம். சத்தை உறிஞ்சியபின் மிஞ்சுவதைத்தானே சக்கை என்கிறோம்? அது எங்கிருந்து வந்தது என்பதும் இந்தப் பெயரிலேயே இருக்கிறது. ‘கலப்படப் பால்’ என்பதை, கறந்தபின் ஏதாவது சேர்த்த பாலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.