பத்து டாலருக்கு விற்ற வீடு: கல்லூரி விளையாட்டும் வீட்டுப் பத்திரங்களும்

அமெரிக்காவில் வீடுகளுக்கு விலை மதிப்பிடுவது என் தொழில். வங்கிக் கடன், பாகப்பிரிவினை, விவாகரத்து, வரி மேல்முறையீடு என்று வழக்கமான காரணங்களுக்காகத்தான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். ஆனால் டிசம்பர் வந்தால், பள்ளி மாணவர்கள் எந்தக் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் சேரப்போகிறோம் என்று கையெழுத்துப் போடும் நாட்களில், வேறு மாதிரி விசாரிப்புகள் வர ஆரம்பிக்கும். "எங்க டீமுக்கு வர்றதா இருந்த பையன் கடைசி நேரத்துல அந்தப் பக்கம் போயிட்டான் சார். அவங்க அம்மா புது வீட்டுக்குக் குடி போயிருக்காங்க. பத்திரத்தை அனுப்புறேன், கொஞ்சம் பாருங்களேன்."

கேட்பவர்களில் நம் தமிழர்களும் நிறையப் பேர் உண்டு. பிள்ளை படித்த பல்கலைக்கழகத்தின் அணிமேல் பெற்றோருக்கு வருகிற பாசம் லேசானதில்லை. தவிர, வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டு மீதியைக் கையில் வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பத்திரத்தில் உள்ள தொகை உண்மையான தொகைதானா என்ற கேள்வி நமக்குத் தானாகவே வரும்.

பணமோ வீடோ கொடுத்து ஒரு பையனைக் கல்லூரி அணிக்கு இழுப்பது விதிமீறல்; அப்படி நடந்திருக்குமோ என்பதுதான் இவர்கள் கேட்பது. இந்தச் சந்தேகங்களை வெறும் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிட முடியாது. ரெஜி புஷ் விவகாரம் ஒன்று போதும். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நட்சத்திர வீரர், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பையை 2005-ல் வென்றவர். சான் டியாகோ பக்கத்தில் ஸ்பிரிங் வேலி என்ற ஊரில் அவருடைய பெற்றோர் ஒரு வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார்கள் என்ற செய்தி 2006 ஏப்ரலில் யாஹூ ஸ்போர்ட்ஸ் மூலம் வெளியே வந்தது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. நான்கு ஆண்டுகள் விசாரித்து, 2010 ஜூனில் தண்டனை அறிவித்தது. பருவ இறுதி பவுல் ஆட்டங்களில் ஆட இரண்டு ஆண்டுத் தடை, 30 உதவித்தொகை இடங்கள் பறிப்பு, ஏற்கெனவே பெற்ற வெற்றிகள் ரத்து. புஷ் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். அது மறுபடி அவர் கைக்கு வந்தது 2024 ஏப்ரலில்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். புஷ் கல்லூரியில் சேர்ந்தது 2003-ல். அந்த வீடு வந்தது 2005-ல். வீட்டைக் கொடுத்தவர்களும் பல்கலைக்கழகத்தின் ஆதரவாளர்கள் இல்லை. அவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும்போது அவருக்கு ஏஜென்ட்டாக வேண்டும் என்று காத்திருந்தவர்கள். விதிமீறல்தான், மறுக்கவில்லை. ஆனால் "வீடு கொடுத்துக் கல்லூரிக்கு இழுத்தார்கள்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கும் ரசிகர்கள் நடந்ததையே மாற்றிச் சொல்கிறார்கள். பத்திரத்தின் தேதியையும் பையன் கையெழுத்துப் போட்ட தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிச் சந்தேகங்கள் உதிர்ந்துவிடும்.

அதே விவகாரத்தில் டாட் மெக்நேர் என்ற உதவிப் பயிற்சியாளருக்கும் இதெல்லாம் தெரிந்திருந்தது என்று என்.சி.ஏ.ஏ. முடிவு கட்டியது. தெரியாது என்று அவர் 2011-ல் அவதூறு வழக்குப் போட்டார். 2018-ல் ஜூரி அவருக்கு எதிராகச் சொன்னது. நீதிபதி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். 2021-ல்தான் சமரசத்தில் முடிந்தது. ஒரு மனிதரின் வேலைக்காலத்தில் பத்து ஆண்டுகள் அதிலேயே போயின.

இனி பத்திரத்துக்கு வருவோம். இந்த நாட்டில் சொத்துப் பதிவுகள் பொது ஆவணங்கள். அந்தந்த கவுன்ட்டியின் (நம் மாவட்டம் மாதிரி) இணையதளத்தில் பெயரைத் தட்டினால் யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பது வந்துவிடும். வந்ததைப் படிக்கத் தெரிய வேண்டும், அங்கேதான் சிக்கல்.

டெக்சாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு நாள் இரவு பதற்றமாகக் கூப்பிட்டார். "அண்ணே, பத்து டாலருக்கு வீடு எழுதிக் கொடுத்திருக்காங்க! பையனோட அப்பா பேர்ல!" அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 'பத்து டாலர் மற்றும் இதர மதிப்புள்ள பிரதிபலன்' என்று அச்சடித்த வாசகம். டெக்சாஸில் ஏறக்குறைய எல்லாக் கிரயப் பத்திரத்திலும் இதே வரிதான் இருக்கும். விற்ற விலையை அரசுக்கோ பொதுமக்களுக்கோ சொல்லவேண்டிய கட்டாயம் அந்த மாநிலத்தில் இல்லை. அதனால் வக்கீல்கள் பெயருக்கு ஒரு தொகையைப் போட்டுவிட்டு உண்மை விலையை வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். மிசிசிப்பியிலும் இப்படித்தான். ஃபுட்பால் வெறி தலைக்கேறிய மாநிலங்களில் இப்படியொரு ஏற்பாடு இருப்பதே வதந்திக்குத் தீனி போட்டதுபோல் ஆகிவிடுகிறது.

நண்பரை அதே பெயரில் அதே நாளில் வேறு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருந்தது. ஒரு வங்கிக்கு எழுதிக் கொடுத்த அடமானப் பத்திரம். முப்பது ஆண்டுக் கடன், அந்த அளவு வீட்டுக்கு அந்த வட்டாரத்தில் சாதாரணமாகக் கேட்கும் தொகை. பத்து டாலர் வீட்டுக்கு எந்த வங்கியும் அவ்வளவு கடன் கொடுக்காது. அந்த அப்பா மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இதேபோல் ஏமாற்றும் இன்னொரு எண், வரிக்காகப் போடும் மதிப்பீடு. கலிஃபோர்னியாவில் 1978-ல் வந்த சட்டத்தின்படி, வீடு கை மாறாத வரைக்கும் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. முப்பது வருடம் ஒரே குடும்பத்திடம் இருந்த வீட்டின் வரி மதிப்பு சந்தை விலையில் கால்வாசிகூட இல்லாமல் போகலாம். அதை வாங்கியவர் நாலு மடங்கு கொடுத்துவிட்டார் என்று கூச்சல் போடுவதில் அர்த்தமில்லை. ஒரே வருடத்தில் விலை இரண்டு மடங்கானால்கூட, நகராட்சியின் கட்டட அனுமதிப் பதிவைப் பாருங்கள். கூரை, சமையலறை, குளியலறை என்று வரிசையாக அனுமதி வாங்கியிருந்தால் யாரோ வாங்கிப் புதுப்பித்து விற்றிருக்கிறார்கள். பயிற்சியாளர்கள் டிரஸ்ட் பெயரிலோ கம்பெனி பெயரிலோ வீடு வைத்திருப்பதும் பெரும்பாலும் தோற்ற மறுநாள் வாசலில் ஆட்கள் வந்து நிற்காமல் இருக்கத்தான்.

சரி, அப்படியானால் எந்த விற்பனையைப் பார்த்தால் என் போன்றவர்களுக்குப் புருவம் உயரும்? மாசசூசெட்ஸில் நீதம் என்ற ஊரில் நடந்த விற்பனை அப்படிப்பட்டது.

ஹார்வர்டின் வாள்வீச்சுப் பயிற்சியாளர் பீட்டர் பிராண்டின் வீடு அது. நகராட்சி அதற்குப் போட்டிருந்த மதிப்பு 5,49,300 டாலர். மாசசூசெட்ஸில் வரி மதிப்பு சந்தை விலையை ஒட்டியே இருக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் ஓராண்டு பின்தங்கியிருக்கும், சந்தை சூடாக இருந்தால் பத்துப் பதினைந்து சதவீதம் வித்தியாசம் வரும். அந்த வீடு 2016 மே மாதம் 9,89,500 டாலருக்கு விற்றது. இந்த மாநிலத்தில் விலை பத்திரத்திலேயே இருக்கும். அதற்கேற்ற முத்திரை வரியும் கட்டியாக வேண்டும். ஆயிரம் டாலருக்கு 4.56 என்ற விகிதத்தில் இந்த விலைக்குச் சுமார் 4,512 டாலர் வரும். ஆக எதையும் மறைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கும்படிதான் இருந்தது. நகராட்சியின் மதிப்பீட்டு அதிகாரிக்கே இந்த விலை புரியவில்லை.

வாங்கியவர் மேரிலாந்தைச் சேர்ந்த தொழிலதிபர். அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் குடியிருக்கவில்லை. 17 மாதம் கழித்து 6,65,000 டாலருக்கு விற்றார். 3,24,500 டாலர் நஷ்டம். சுற்றுவட்டாரத்தில் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய மூத்த மகன் ஏற்கெனவே ஹார்வர்ட் அணியில் இருந்தார். இளைய மகன் அப்போது பள்ளி மாணவர், பின்னால் அவரும் அதே அணியில் சேர்ந்தார். 2019 ஏப்ரலில் பாஸ்டன் குளோப் நாளிதழ் இதை வெளியிட்டது.

நாங்கள் சந்தை விலை என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு பேர், இருவருக்கும் அவசரமில்லை, இருவருக்கும் விவரம் தெரியும், அவரவர் லாபத்தைப் பார்த்துப் பேரம் பேசி முடித்த விலையாக இருக்க வேண்டும். அப்பா மகளுக்குக் கொடுத்த விலை, முதலாளி வேலைக்காரருக்குக் கொடுத்த விலை, இவற்றையெல்லாம் ஒப்பீட்டுக் கணக்கிலேயே சேர்க்க மாட்டோம். நீதம் விற்பனை என் மேஜைக்கு வந்திருந்தால் அதையும் ஒதுக்கித்தான் வைத்திருப்பேன். விலை அசாதாரணம், வைத்திருந்த காலம் குறைவு, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் வேறொரு உறவு இருக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அது சந்தை விலை இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

ஏன் அப்படி விற்றார்கள் என்று கேட்டால்? அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் தொழில் விலையோடு முடிந்துவிடுகிறது.

அந்த ஏனுக்குப் பதில் தேடித்தான் 2020 நவம்பரில் அமெரிக்க மத்திய அரசு இருவர்மேலும் லஞ்ச வழக்குப் போட்டது. வீடு மட்டுமில்லாமல் பயிற்சியாளருக்குக் கார், கல்லூரிக் கட்டணம், அவருடைய புது வீட்டைப் புதுப்பித்த செலவு என்று மொத்தம் 15 லட்சம் டாலருக்கு மேல் போனதாகக் குற்றச்சாட்டு. நண்பருக்கு நண்பர் செய்த உதவி, பையன்கள் படிப்பிலும் வாள்வீச்சிலும் சொந்தத் தகுதியால்தான் இடம் பெற்றார்கள் என்பது எதிர்வாதம். 2022 டிசம்பரில் ஜூரி இருவரையும் விடுதலை செய்தது. இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் ஏராளம். செய்தி வந்த நாளோடு அவர்களுக்குக் கதை முடிந்துவிட்டது.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வழக்கு வருவதற்கு முன்பே, 2019 ஜூலையில், ஹார்வர்ட் அந்தப் பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. காரணம், நலன் முரண்பாடு குறித்த பல்கலைக்கழக விதியை மீறியது. குற்றம் என்று நிரூபிப்பதற்கும் வேலை விதியை மீறியதற்கும் நடுவில் பெரிய இடைவெளி உண்டு. தன் அணிக்கு யாரைப் பரிந்துரைப்பது என்று முடிவு செய்கிற ஒருவர், அந்த மாணவனின் அப்பாவிடம் வீட்டை விற்கும்போது நிர்வாகத்திடம் முன்கூட்டிச் சொல்லியே ஆகவேண்டும். விலை நியாயமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

சொல்லிவிட்டுச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அலபாமாவைப் பார்க்கலாம். அலபாமா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் 2007-ல் 28.6 லட்சம் டாலருக்கு வாங்கிய டஸ்கலூசா ஊர் வீட்டை, 2013-ல் அந்தப் பல்கலைக்கழக விளையாட்டுக்கு நன்கொடை திரட்டும் கிரிம்சன் டைட் ஃபவுண்டேஷன் 31 லட்சத்துக்கு வாங்கி, அவரையே அங்கே குடியிருக்க வைத்தது. எதிரணி ரசிகர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனால் வாங்கியது யார் என்பது பதிவில் இருக்கிறது, விலை ஏற்றம் ஆறு ஆண்டுகளுக்கு ஒன்றும் அதிகமில்லை, பயிற்சியாளரை ஊரிலேயே தக்கவைத்துக்கொள்ளக் கொடுத்த சம்பளத்தின் ஒரு பகுதி அது என்று அவர்களும் மறைக்கவில்லை.

2021 ஜூலைக்குப் பிறகு இந்தச் சந்தேகங்களின் அடிப்படையே மாறிவிட்டது. அன்றிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். கிரான்ட் ஹவுஸ் என்ற நீச்சல் வீரர் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டபின், கல்லூரிகளே தங்கள் வருமானத்திலிருந்து நேரடியாகக் கொடுக்கின்றன. முதலாண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 205 லட்சம் டாலர். ஒரு நல்ல குவார்ட்டர்பேக் (அணியின் ஆட்டத்தை நடத்துகிற முக்கிய வீரர்) பதினெட்டு வயதில் தன் அம்மாவுக்கு வீடு வாங்கிக் கொடுக்க முடிகிற காலம் இது. அதைப் பார்த்து இன்னும் 2005-லேயே நின்றுகொண்டு விரல் நீட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த விரல் பெரும்பாலும் எந்தக் குடும்பங்களை நோக்கி நீளுகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். கருப்பினத் தாய் ஒருவர் நல்ல தெருவுக்குக் குடி வந்தால் உடனே பத்திரத்தைத் தேடுகிறார்கள். கோல்ஃப் அணியில் சேர்ந்த பையனின் பெற்றோர் கல்லூரி ஊரில் இரண்டாவது வீடு வாங்கினால் யாரும் தேடுவதில்லை.

ஆர்வமூட்டும் விஷயம், புதிய விதிகள் கேட்பதும் நாங்கள் கேட்கும் கேள்விகளைத்தான். 600 டாலரும் அதற்கு மேலும் வருகிற வெளி ஒப்பந்தங்களை வீரர்கள் என்.ஐ.எல். கோ என்ற இணையப் பதிவு அமைப்பில் (என்.ஐ.எல். என்பது பெயர், உருவம், சாயல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) பதிய வேண்டும். கொடுப்பவருக்கும் கல்லூரிக்கும் தொடர்பு உண்டா, உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா, தொகை மற்ற வீரர்கள் வாங்குகிற வரம்புக்குள் வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

உங்கள் கையில் உண்மையிலேயே விசித்திரமான பத்திரம் ஒன்று கிடைத்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் விதிமுறைக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு கல்லூரி விளையாட்டுத் துறையிலும் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டு முகவரியைப் பொதுவில் போடாதீர்கள். அந்த வீட்டில் விளையாட்டுக்கும் கல்லூரிக்கும் சம்பந்தமில்லாத சின்னக் குழந்தைகளும் இருப்பார்கள்.

அப்புறம், பிள்ளைகளை வாள்வீச்சு, டென்னிஸ், ஸ்குவாஷ் என்று சேர்த்துக் கல்லூரி அணிக்குத் தயார் செய்துகொண்டிருக்கும் நம் பெற்றோருக்கு. பயிற்சியாளரோ அவர் குடும்பத்தினரோ விற்கிற வீட்டை, உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கும் காலத்தில் வாங்காதீர்கள். குறைந்த வாடகைக்கு ஒரு கொடையாளர் வீடு தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், விற்பவர் காட்டும் ஆளை விட்டுவிட்டு நீங்களே காசு கொடுத்து ஒரு மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன்பே கல்லூரியின் கண்காணிப்பு அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவியுங்கள். ஆட்சேபம் இல்லை என்று அவர்களிடமிருந்து எழுத்தில் வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். வந்தால் அந்தப் பதிலை அச்செடுத்துப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.