அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணமே இல்லை என்று யார் சொன்னது?

பல்கலைக்கழக நிதிப்பிரிவில் 23 ஆண்டுகளாகக் கட்டணக் கோப்புகளைப் பார்த்து வரும் எனக்கு, இந்தத் தை மாதமும் அதே காட்சி தப்பவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், நான்காக மடித்த செலானைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் விரித்து, "கவர்மெண்டு யுனிவர்சிட்டிதானே சார், எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டார். அவருடைய மகள் சேர்ந்திருப்பது சுயநிதிப் பாடப்பிரிவு. அந்தச் சொல் சேர்க்கைக் கடிதத்தில் இருக்கத்தான் செய்தது. அதன் பொருளைத்தான் அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்படி வருகிறவர்களை எண்ணுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் உள்ள அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களுக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. அதைக் கேள்விப்பட்டவர்கள் பல்கலைக்கழகத்துக்கும் அதுவே பொருந்தும் என்று நம்பிவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் அரசுக் கல்லூரி அன்று. தனிச் சட்டத்தால் அமைந்த அதன் கட்டணத்தை நிதிக்குழு பரிந்துரைக்க, பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் முடிவு செய்கிறது. ஆசிரியர் சம்பளம் அரசு மானியத்திலிருந்து வரும் பாடப்பிரிவுக்கு ஒரு கட்டணமும், தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டிய சுயநிதிப் பாடப்பிரிவுக்கு வேறு கட்டணமும் வைக்கப்படுகின்றன. ஒரே தாழ்வாரத்தின் எதிரெதிர் வகுப்பறைகளில்கூட இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். மானியம் போதாத ஆண்டுகளில் பற்றாக்குறை எந்தப் பக்கம் தள்ளப்படும் என்பதை நிதிப்பிரிவில் இருப்பவன் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சிதம்பரத்தில் நடந்ததையாவது நினைத்துப் பாருங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகும், அதன் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளிலோ அப்போது அது சுமார் 13 ஆயிரம்தான். மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகே, 2021 தொடக்கத்தில் அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டுக் கட்டணமும் குறைந்தது. பெயர்ப்பலகையில் 'அரசு' என்று இருப்பதாலேயே செலானில் உள்ள தொகை குறைந்துவிடாது.

முதல் பட்டதாரிச் சான்றிதழைக் காட்டிவிட்டால் எல்லாம் இலவசம் என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வியில் சேர்ந்தவர்களுக்கு, அதுவும் கற்பிப்புக் கட்டணத்துக்கு மட்டுமே அந்தச் சலுகை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் தொழிற்கல்வி இடம் பெற்றவர்களுக்கு விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. இரண்டையும் தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சேருவதற்கு முன்பே, பாடப்பிரிவு மானியத்தில் நடப்பதா, சுயநிதியா என்று கேளுங்கள். கற்பிப்புக் கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பாமல், தேர்வு, ஆய்வகம், நூலகம், காப்புத்தொகை, விடுதி அனைத்தையும் சேர்த்து, படிப்பு முடியும்வரைக்குமான கட்டண விவரத்தை முத்திரையுடன் எழுத்தில் வாங்குங்கள். கல்விக்கடனுக்கு வங்கி கேட்பதும் அதைத்தான். இடைத்தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

கட்டணம் நிர்ணயிக்கும் எங்கள் தரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம் பருவக் கட்டணத்தை டிசம்பரிலும் ஜனவரியிலும் கேட்கிறோம். அப்போது சம்பா வயலில் நிற்கிறது. அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடைபோட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறும்போது மாசி வந்துவிடுகிறது. அந்த விவசாயியின் கையில் பணம் இல்லாததற்குக் காரணம் அவருடைய அலட்சியம் அன்று. கெடு நாளை இரண்டு மாதம் தள்ளிவைக்க சிண்டிகேட்டின் ஒரு தீர்மானம் போதும். அது வரும்வரை பெற்றோர் ஒன்று செய்யலாம்: கெடு முடிந்தபின் வந்து நிற்காமல், முடிவதற்கு முன்பே துறைத்தலைவரின் பரிந்துரையோடு தவணை கேட்டு எழுதிக் கொடுங்கள். தாமதக் கட்டணம் கணினியில் ஏறிவிட்ட பிறகு அதை நீக்கும் அதிகாரம் என் மேசையில் இல்லை.